சாய்கோட்டுக்கு அந்தப் பக்கம்

கிள்ளான்,
2 மார்ச் 2025

அன்புள்ள விமலனுக்கு அத்தான் எழுதுவது. நான் நலம். உங்கள் வீட்டில் எல்லாரும், முக்கியமாக மாமாவின் முழங்கால், நலமென்று நம்புகிறேன்.

மூன்று வார ஆலோசனைக்குப் பிறகு, இன்று காலை தேநீருக்கு முன், நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகிவிட்டேன். இத்தகைய முடிவை எழுத்தில் தெரிவிப்பதுதான் முறை என்பதால் இந்த மின்னஞ்சல். யாருடைய தூண்டுதலும் இல்லை. ரோஜாப்பூவின் மேல் காலை வணக்கம் எழுதிய படம் நேற்று ஒரே நாளில் பல தடவை வந்தது. அதில் ஒன்றை நானே அனுப்பியிருந்தேன். அப்போதுதான் நிலைமையின் தீவிரம் புரிந்தது. இனி என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமானால் தேதி போட்டு, விளித்து, ஒழுங்காக எழுது.

உன் அக்கா மாதவியின் முதலாண்டுத் திதி போன மாதம் நல்லபடியாக முடிந்தது. நீயும் மாமாவும் வர முடியாமல் போனதை நான் குறையாகச் சொல்லவில்லை.

இப்போது விஷயம். எங்கள் கேரம் சங்கம் ஞாயிறுதோறும் கூடும் மாடி அறை உனக்குத் தெரியும். கட்டடத்தின் நிர்வாகம் புதிய நிறுவனம் ஒன்றிடம் போயிருக்கிறது. ஜூன் கடைசிக்குள் இணையத்தில் பதிந்துகொள்ளாத சங்கத்துக்கு அறை கிடையாது. குறைந்தது பத்து உறுப்பினர்கள் வேண்டும். எங்கள் பட்டியலில் பத்துப் பேர் இருக்கிறோம்.

படிவத்தில், 'அடையாளக் கார்டில் உள்ளபடியே பெயரை எழுதவும்' என்று ஒரு வரி. அதற்கு அடுத்த வரி, 'சிறப்புக் குறிகளுக்கு அனுமதி இல்லை'. என் கார்டில் 'சுகுமாறன் ஏ/எல் முனுசாமி' என்று இருக்கிறது. முனுசாமியின் மகன் என்று சொல்ல இந்த நாட்டில் எனக்கு ஒரு சாய்கோடு தேவைப்படுகிறது. அதைத் தட்டினால் பெட்டி சிவப்பாகிறது. எடுத்துவிட்டால், கார்டில் உள்ளபடி இல்லை என்று மறுபடியும் சிவப்பாகிறது. சில நாட்களாக நான் இந்த இரண்டு வரிகளுக்கு நடுவே குடியிருக்கிறேன்.

அந்த அறை இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமையில் எங்கே போவது என்று யோசித்துப் பார்த்தேன். பாசார் இருக்கிறது. காய்கறி வாங்க அரை மணி நேரம் போதும்.

நீ கம்ப்யூட்டர்காரன். வழி சொல்.

அன்புடன்,
சுகுமாறன்

✽

பிரிக்பீல்ட்ஸ்,
4 மார்ச் 2025

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். நாங்கள் நலம். அப்பாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. வாய் நன்றாக இருக்கிறது. நீங்கள் குழுவிலிருந்து போனதை நான் இன்றுதான் கவனித்தேன். மன்னிக்கவும். திதி வாரத்தில் அலுவலகத்தில் சிஸ்டம் மாற்றினார்கள், நகர முடியவில்லை.

உங்கள் சிக்கல் ஒரு சிக்கலே இல்லை. நான் வேலையில் ஏஐ ஏஜெண்ட் ஒன்றைப் பயன்படுத்துகிறேன். அது தானே பிரவுசரைத் திறக்கும், படிவத்தைப் படிக்கும், பெட்டிகளை நிரப்பும், பொத்தானை அழுத்தும். பக்கம் முரண்டு பிடித்தால் அந்தப் பக்கத்துக்குள்ளேயே ஒரு சிறிய ஸ்கிரிப்டை, அதாவது சில வரிக் கட்டளையை, ஓடவிடும். சாய்கோட்டை மறுக்கிற காவலாளி உங்கள் திரையில் வந்து நிற்கும் பக்கத்தில்தான் இருக்கிறான். அவனைக் கொஞ்சம் நகரச் சொன்னால் போதும். பட்டியலை அனுப்புங்கள்.

அப்பாவிடம் சொன்னேன். "கேரம் ஆடறதுக்குக் கம்ப்யூட்டர் எதுக்குடா? காய அது வந்து அடிக்குமா?" என்றார். கேட்டது நீங்கள் என்றதும், "அவனா? அவனுக்கு வேற வேலை இல்ல" என்றார். உங்களை விசாரித்ததாக எடுத்துக்கொள்ளவும்.

அன்புடன்,
விமலன்

✽

கிள்ளான்,
9 மார்ச் 2025

அன்புள்ள விமலனுக்கு,

நலம். மாமா விசாரித்தது அறிந்து மகிழ்ச்சி. அதே சொற்களில்தான் என் கல்யாணத்திலும் விசாரித்தார்.

காவலாளியை நகர்த்திவிட்டு உள்ளே போகிறவனுக்கு எங்கள் பக்கத்தில் வேறு பெயர் வழங்குகிறது. இருந்தாலும், என் பெயரை என் பெயராகவே எழுதத்தான் இந்தப் பாடு என்பதால் மனசாட்சியைச் சமாதானம் செய்துகொண்டேன். பட்டியலை இணைத்திருக்கிறேன். பத்துப் பேர்.

ஒன்பது பேருக்குச் சாய்கோடு உண்டு. அய்யூப் பின் ஜுஹைருக்கு மட்டும் இல்லை. அவர் பெயரைப் பெட்டி முதல் தடவையே ஏற்றுக்கொண்டது. அன்றிலிருந்து அவர் காய் அடுக்குகிற தோரணையே மாறிவிட்டது. சங்கத்து இராஜம்மா பொறுக்க முடியாமல், "என்ன பாய், ஆபீஸ் உங்களப் பார்த்து மட்டும் சிரிக்குதா?" என்று கேட்டார். "நம்ம பேர்ல கோணல் இல்லம்மா" என்றார் அவர். அன்றைய ஆட்டம் அத்தோடு நின்றது.

சீக்கிரம் முடித்துக் கொடு. சங்கத்தில் அமைதி திரும்ப வேண்டும்.

அன்புடன்,
சுகுமாறன்

✽

பிரிக்பீல்ட்ஸ்,
11 மார்ச் 2025

அன்புள்ள அத்தானுக்கு,

எல்லாரும் நலம். உங்களுக்கு இரத்த அழுத்தம் கூடியிருந்தால் இப்போது இறங்கிவிடும்.

வேலை முடிந்தது. 'அடையாளக் கார்டில் உள்ளபடி பெயர்கள் இருக்க வேண்டும், எப்படியாவது சமர்ப்பித்துவிடு' என்று ஏஜெண்டுக்குச் சொன்னேன். நான் மைலோ கலக்கி முடிப்பதற்குள் அது பக்கத்தைத் திறந்து, தடையைக் கண்டுபிடித்து, ஸ்கிரிப்டை ஓடவிட்டுத் தடையை எடுத்து, அனுப்பியும்விட்டது. பச்சை நிறத்தில் 'வெற்றி' என்று வந்தது.

ஒன்று கேட்க நினைத்தேன். பட்டியலில் அக்கா பெயரும் இருக்கிறது. நீங்கள் அனுப்பியபடியே போட்டுவிட்டேன்.

அன்புடன்,
விமலன்

✽

கிள்ளான்,
20 ஏப்ரல் 2025

விமலனுக்கு,

நலமாக இருந்தேன். வியாழக்கிழமை தபால் வந்தது.

பத்துப் பேர் இருக்கிற சங்கத்துக்குப் பத்தொன்பது உறுப்பினர் அட்டைகள் வந்திருக்கின்றன. முதல் அட்டையில் 'சுகுமாறன் ஏ'. இரண்டாவது அட்டையில் 'எல் முனுசாமி'. சாய்கோட்டைக் கண்ட இடத்தில் எல்லாம் அந்த நிர்வாகம் எங்களை இரண்டாக வெட்டியிருக்கிறது. சாய்கோட்டுக்கு இந்தப் பக்கம் ஓர் உறுப்பினர், அந்தப் பக்கம் ஓர் உறுப்பினர். விளைவாக எங்கள் அப்பாக்கள் அத்தனை பேரும் கேரம் சங்கத்தில் சேர்ந்துவிட்டார்கள்.

என் அப்பா 1987-இல் காலமானார். கேரம் பலகையைச் சூதாட்டக் கருவி என்று நினைத்தவர். அவர் இப்போது என்னைவிட ஓர் எண் தள்ளி உறுப்பினர்.

இதைச் சிரித்துவிட்டு விட முடியாது. ஜூலையிலிருந்து ஒவ்வோர் உறுப்பினரும் மாதம் ஒருமுறையாவது வந்து கைரேகை வைக்க வேண்டும். ஒருவர் தவறினாலும் அறைக்குப் பூட்டு. அட்டையோடு வந்த கடிதத்தில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. கேட்டதும் உறுப்பினர் குரு தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "எங்கப்பா உயிரோட இருந்தப்பவே சொன்ன நேரத்துக்கு வந்ததில்லண்ணே. இப்ப எங்க போய்க் கூப்பிடறது?"

அய்யூப்புக்கு ஒரே அட்டைதான். மகன் என்று சொல்கிற அவருடைய 'பின்'னில் சாய்கோடு இல்லை அல்லவா. ஆனால் எல்லார் அப்பாவும் வந்து, தன் வாப்பாவை மட்டும் விட்டுவிட்டார்கள் என்று அவர் முகம் வாடிப் போயிருக்கிறது.

உன் மாமேதையைக் கேட்டு உடனே சரிசெய்.

சுகுமாறன்

பி.கு. மாதவியின் பெயரை வெட்டியதில் வந்த மாமாவின் அட்டையும் என்னிடம்தான் இருக்கிறது. பி தம்புசாமி என்று போட்டிருக்கிறது.

✽

பிரிக்பீல்ட்ஸ்,
22 ஏப்ரல் 2025

அன்புள்ள அத்தானுக்கு,

கோபம் தணிந்து நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

காரணம் கண்டுபிடித்துவிட்டேன். அந்தக் காவலாளி சும்மா நிற்கவில்லை. உள்ளே இருக்கிற சர்வர், சாய்கோட்டைக் கண்டால் ஒரு பெயர் முடிந்து அடுத்த பெயர் தொடங்குகிறது என்று எடுத்துக்கொள்ளும்படி எழுதப்பட்டிருக்கிறது. அதனால்தான் வாசலிலேயே மறுத்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

கவலை வேண்டாம். உறுப்பினர் பக்கத்தில் நீக்கும் பொத்தானே இல்லை. ஆனாலும் ஏஜெண்டை மறுபடி உள்ளே அனுப்பினேன். ஸ்கிரிப்டை ஓடவிட்டது. இப்போது பட்டியலில் பத்தே பேர். திரையைப் படமெடுத்து இணைத்திருக்கிறேன். அச்செடுத்து அலுவலகத்தில் காட்டினால் கைரேகைப் பட்டியலையும் திருத்திவிடுவார்கள்.

அப்பாவுக்கு உறுப்பினர் ஆன விஷயம் பிடித்திருக்கிறது. இனிஷியல்தான் பிடிக்கவில்லை. "எங்கப்பன் பேரு கருப்பையா. இந்த 'பி' எவன்டா?" என்று இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். மகள் என்பதைக் குறிக்கும் 'ஏ/பி'யில் மிச்சம் விழுந்த பி என்று சொன்னேன். "அப்ப மாதவியோட பி-யா?" என்று கேட்டுவிட்டு அறைக்குள் போய்விட்டார்.

அன்புடன்,
விமலன்

✽

கிள்ளான்,
5 மே 2025

விமலனுக்கு,

உடல் நலம். மற்றதைக் கேட்காதே.

உன் படத்தை வண்ணத்தில் அச்செடுத்து, கண்ணாடி உறையில் போட்டு, பேருந்து ஏறி, கட்டட அலுவலகத்துக்குப் போனேன். லோகேஸ்வரி என்ற பெண் இருந்தாள். மரியாதையான பெண். மச்சான் அனுப்பியது என்று நீட்டினேன். படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தன் திரையை என் பக்கம் திருப்பினாள்.

"அங்கிள், இது உங்க மச்சான் வீட்டு ஸ்கிரீன் லா. எங்க சிஸ்டத்துல பத்தொன்பது."

"இதிலே பத்துன்னு இருக்கேம்மா."

"அவங்க ஸ்கிரீன்ல மறைச்சிருக்காங்க. என் போட்டோவுல நான் ஒல்லியா இருக்கேன். அதுக்காக நான் ஒல்லியா?"

பின்னால் வரிசையில் நின்ற பூச்சோங் பூப்பந்துக் குழுவினர் சிரித்தார்கள். முப்பத்தோராண்டு துறைமுக அலுவலகத்தில் மற்றவர்களை வரிசையில் நிறுத்திய என்னை, நீயும் உன் ஏஜெண்டும் இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறீர்கள். அதற்கு நன்றி.

லோகேஸ்வரி சொன்ன வழி இது. இறந்த உறுப்பினர்களை மட்டும் இப்போது நீக்கலாம். உயிரோடு இருப்பவர்களை அடுத்த ஆண்டுதான் நீக்க முடியும். என் கணக்கில் அந்த வசதியைத் திறந்துவிட்டிருக்கிறாள். ஜூன் முப்பது கடைசி.

"அப்பாங்க ஒன்பது பேர்ல யாராச்சும் இருக்காங்களா அங்கிள்?"

"ஒருத்தர். என் மாமனார்."

"அப்ப எட்டு. வேற யாராச்சும் தவறிட்டாங்களா?"

வீட்டில் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

"வீட்டுலயா?" என்று கேட்டாள். பேருந்துக்கு நேரமாகிவிட்டதால் வந்துவிட்டேன்.

சுகுமாறன்

✽

பிரிக்பீல்ட்ஸ்,
6 மே 2025

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் நலம். நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

அந்தப் பெண் சொன்னது சரி. ஏஜெண்ட் தந்த அறிக்கையை இப்போதுதான் முழுவதும் படித்தேன். முதல் வரியில் 'ஒன்பது பெயர்கள் பட்டியலில் இப்போது தெரியவில்லை' என்று இருந்தது. அதோடு படிப்பதை நிறுத்திவிட்டேன். மூன்றாவது வரியில் 'இந்த மாற்றம் இந்தத் திரையில் மட்டுமே, சர்வரில் எதுவும் மாறவில்லை' என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. பொய் சொன்னது அது இல்லை.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். எட்டு அப்பாக்களை மட்டும் நீக்குவோம். அக்கா பெயரைத் தொட வேண்டாம். எடுத்தால் நீங்கள் ஒன்பது பேராகிவிடுவீர்கள், அறை போய்விடும். அங்கே கேட்டால் ஊரில் இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம். வருகைப் பதிவும் ஒரு இணையப் பக்கம்தான் என்கிறார்கள். அங்கேயும் ஸ்கிரிப்ட் ஓடவிட்டு, மாதம் ஒருமுறை அக்கா வந்ததாகப் பதிய முடியுமா என்று பார்க்கிறேன். எனக்கு அதில் சிரமம் இல்லை.

அன்புடன்,
விமலன்

✽

பிரிக்பீல்ட்ஸ்,
12 ஜூன் 2025

அன்புள்ள அத்தானுக்கு,

நலமா? ஒரு மாதத்துக்கு மேல் உங்களிடமிருந்து பதில் இல்லை. வாட்ஸ்அப்பிலும் நீங்கள் இல்லை. தொலைபேசியை எடுப்பதும் இல்லை. குருவை அழைத்துக் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறீர்கள், ஆடாமல் பவுடர் மட்டும் தூவிவிட்டுப் போகிறீர்கள் என்றார்.

ஜூன் முப்பது நெருங்குகிறது. சொல்லுங்கள், ஐந்து நிமிட வேலை, நான் முடித்துவிடுகிறேன்.

போன கடிதத்தில் நான் எழுதியதில் ஏதாவது தவறாக இருந்தால் மன்னிக்கவும்.

அன்புடன்,
விமலன்

✽

கிள்ளான்,
29 ஜூன் 2025

அன்புள்ள விமலனுக்கு,

நலமாக இருக்கிறேன். பதில் எழுதாததற்குக் காரணம் உடல்நிலை இல்லை.

உன் ஏஜெண்ட் திரையில் யாரையும் வரவழைத்துவிடும் என்பதை நான் நம்புகிறேன். திரையில் வந்து எனக்கு என்ன ஆகப் போகிறது?

நேற்று நானே உட்கார்ந்து செய்துவிட்டேன். ஸ்கிரிப்ட் எதுவும் தேவைப்படவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு கட்டம். தட்டினால் 'இறந்தவர்' என்று வருகிறது. பிறகு 'உறுதியா?' என்று கேட்கிறது. ஆம் என்று தட்ட வேண்டும். எட்டு அப்பாக்களும் மளமளவென்று போனார்கள். என் அப்பாவை நீக்கியபோது, இந்தச் சகவாசம் விட்டதே என்று அவர் நிம்மதியாக இருந்திருப்பார். ஒன்பதாவது பெயரில்தான் கொஞ்சம் தாமதம். ஒன்றும் தட்டாமல் அதிக நேரம் இருந்தால் அந்தப் பக்கம் காலாவதியாகிவிடுகிறது, மறுபடி கடவுச்சொல் போட்டு உள்ளே வரச் சொல்கிறது. மூன்று முறை வந்தேன். மோசமாகச் செய்யப்பட்ட பக்கம்.

ஒன்பது பெயர்கள் போனபின் எத்தனை மிச்சம் என்று நீ கணக்குப் போடவில்லை. பத்து. நாங்கள் ஒன்பது பேர், அதோடு பி தம்புசாமி. உயிரோடு இருப்பவரை அடுத்த ஆண்டுவரை நீக்க முடியாது என்று உனக்கு எழுதியிருந்தேன். நீக்கினால் அறையும் இல்லை.

ஆகவே மாமா ஜூலை முதல் ஞாயிறு கிள்ளானுக்கு வந்து கைரேகை வைக்க வேண்டும். இது என் அழைப்பு அல்ல என்பதை அவரிடம் சொல்லிவிடு. விதி.

அன்புடன்,
சுகுமாறன்

✽

பிரிக்பீல்ட்ஸ்,
2 ஜூலை 2025

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். உங்கள் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். காலாவதி ஆன பகுதியை மட்டும் இரண்டாவது தடவையும் படிக்கச் சொன்னார்.

பிறகு கேட்டார்: "என்னைக் கூப்பிடறது அவனா, ஆபீஸா?"

"ஆபீஸ்தான்பா."

"ஆபீஸ் கூப்பிட்டா போய்த்தானே ஆகணும்."

செந்தூல் ரயில் பட்டறையில் மதிய இடைவேளையில் ஆடியதற்குப் பிறகு காயைத் தொட்டதில்லை என்கிறார். நேற்றிலிருந்து சாப்பாட்டு மேசையில் பாட்டில் மூடியைச் சுண்டிக்கொண்டிருக்கிறார். ஒன்று என் மனைவியின் மீன்குழம்பில் விழுந்தது.

ஞாயிறு காலை கொமுட்டர் ரயிலில் அழைத்து வருகிறேன். அக்கா போன பிறகு நாங்கள் இரண்டு பேருமே கிள்ளான் பக்கம் வரவில்லை. வேலை ஒரு காரணம்தான். ஆட்டம் முடிந்ததும் வீட்டுக்கு வரலாமா?

அன்புடன்,
விமலன்

✽

கிள்ளான்,
11 ஆகஸ்ட் 2025

அன்புள்ள விமலனுக்கு,

நான் நலம். நேற்று நீங்கள் வீடு போய்ச் சேர்ந்த விவரத்தை எழுதவில்லை. வாட்ஸ்அப்பில் போட்டிருப்பாய்.

மாமாவைப் பற்றிய புகார்களை வரிசையாக எழுதுகிறேன், நீதான் அவரிடம் பேச வேண்டும். பவுடர் அதிகம் என்கிறார். பலகை சாய்ந்திருக்கிறது என்கிறார். தோற்றால் எதிரி முழங்கையை நீட்டினான் என்கிறார், ஜெயித்தால் என்னைப் பார்க்கிறார். நேற்று மூன்று ஆட்டம் என்னைப் பார்த்தார். கைரேகைக் கருவி அவர் விரலை ஏற்காததற்கு, பட்டறை வேலையில் ரேகை தேய்ந்துவிட்டது என்று ரயில்வே நிர்வாகத்தைத் திட்டினார். நான்காவது விரலில் ஏற்றது. அய்யூப்போடு மட்டும் அவருக்கு ஒத்துப்போகிறது. இருவரும் சேர்ந்து என் ஆட்டத்தைக் குறை சொல்கிறார்கள்.

நீங்கள் கொண்டுவந்த மீன்குழம்பு இன்று காலைவரை வந்தது. பாத்திரத்தைக் கழுவி வைத்திருக்கிறேன், அடுத்த முறை எடுத்துப் போ.

கட்டட நிர்வாகத்திடமிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. முதலாவது, அறை அடுத்த ஜூன் வரை எங்களுக்கு உறுதி. இரண்டாவது, செப்டம்பரில் நடக்கும் சங்கங்களுக்கிடையிலான போட்டியின் அட்டவணை. மாதவியின் பதிவிலிருந்து வெட்டியதாலோ என்னவோ, அதில் அவள் ஆடிவந்த பெண்கள் ஒற்றையர் பிரிவில் பி தம்புசாமியின் பெயர் இருக்கிறது. முதல் சுற்று இராஜம்மாவுடன், காலை பத்து மணிக்கு.

அன்புடன்,
சுகுமாறன்